பிரெஞ்சுக் குற்றப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதியவர்கள் எழுதும் சப்டைட்டில் கோப்புகளைச் சில மாதங்களாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். எழுத்துப்பிழை, வரி நீளம், நேரம் பிசகுதல் ஆகியவற்றை இரண்டாவது படத்திலேயே அவர்கள் தாமாகச் சரிசெய்துகொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆங்கிலக் கோப்பை மட்டும் பார்த்து எழுதுவது

பிரெஞ்சில் 'தூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். ஆங்கிலக் கோப்பில் இரண்டும் 'யூ' ஆகிவிடுகின்றன. மூலத்தில் இருந்த வேறுபாடு நம் மொழியிலும் இருக்கும்போது, அது இல்லாத மொழியின் வழியாகச் சென்று அதைத் தொலைப்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

எரிச்சலுக்குக் காரணம், அதை முதலில் தொலைத்தவன் நான் என்பதே. நான் எழுதிய முதல் படத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் சந்தேக நபரை இரவு முழுவதும் 'வூ' என்றே விசாரித்து, பொறுமை போன ஒரு நொடியில் 'தூ' என்று மாறுகிறார். நம் படங்களில் போலீஸ் பேசும் பழக்கத்தில் நான் தொடக்கத்திலிருந்தே 'நீ' என்று எழுதிவிட்டேன். திரையிடல் முடிந்ததும் பிரெஞ்சு படித்த பெரியவர் ஒருவர், "அந்த ஆள் மரியாதையைக் கைவிட்ட இடம் எங்கே போயிற்று, தம்பி?" என்று கேட்டார். திருத்துவதும் எளிதாக இல்லை. தமிழில் மரியாதை வினைமுற்றிலும் இருப்பதால், 'சொல்', 'வந்தாய்', 'தெரியுமா உனக்கு' என ஒவ்வொரு வரியையும் பிரெஞ்சு ஒலியோடு ஒப்பிட்டு மாற்ற வேண்டியிருந்தது.

நகைச்சுவைப் படங்களில் இழப்பு இன்னும் பெரிது. ஃபிரான்சிஸ் வெபேரின் 'லே தினே த கோன்' (1998) படத்தில், கேலி செய்வதற்காக விருந்துக்கு அழைத்த புரோஷான், அழைக்கப்பட்ட அப்பாவி பின்யோனை எரிச்சலின் உச்சத்திலும் 'வூ' என்றே அழைக்கிறார். அந்த மரியாதையை எடுத்துவிட்டால் பாதிச் சிரிப்பு போய்விடும்.

இதற்குப் பிரெஞ்சு முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தயவுசெய்து என்பதை 'சில் வூ ப்ளே' என்கிறார்களா, 'சில் த ப்ளே' என்கிறார்களா என்று காது கொடுத்தாலே பல இடங்களில் உறவு விளங்கிவிடும். எதிர்ச் சிக்கலும் உண்டு: பிரெஞ்சு 'இல்' அவனா அவரா என்று சொல்லாது. கமிஷனரைத் திருடர்கள் 'அவன்' என்பார்கள், உதவியாளர்கள் 'அவர்' என்பார்கள்; அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிலேடைக்கு அடைப்புக்குறிக்குள் விளக்கம்

'லே தினே த கோன்' படத்தில் 'ழூஸ்ட் லெப்லான்' என்ற பெயரைக் கேட்டதும் பின்யோன், அவருக்கு முதற்பெயர் இல்லையா என்கிறார். ழூஸ்ட் என்பதற்கு 'மட்டும்' என்ற பொருளும் உண்டு. விளக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த சிரிப்பும் கடந்துவிடும். 'ஜஸ்ட் லெப்லான்' என்று எழுதினால் நம்மவருக்கு உடனே புரியும்.

வசனமற்ற காட்சியில் எழுதுவது

'ரிஃபிஃபி' (1955) படத்தின் நகைக்கடைக் கொள்ளை ஏறக்குறைய அரைமணி நேரம் வசனமும் இசையும் இன்றி ஓடுகிறது. கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

கொச்சையைத் திருத்துவது

'ஃபிளிக்' என்ற பிரெஞ்சுக் கொச்சைச் சொல்லுக்குத் தமிழில் போலீஸ்காரன். காவல்துறை அதிகாரி அல்ல.