எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) முடிந்ததும் பொறியியல் எடுக்கலாமா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளே, மாமா சொன்னார் என்பதற்காக மட்டும் விண்ணப்பப் பாரத்தை நிரப்பாதீர்கள். முதலில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் அண்ணன் யாரிடமாவது கேட்டு உள்ளே போய், டர்பைனைச் சுழற்றி மின்சாரம் கொடுத்த அதே நீராவியில் பழக்குலைகள் வேகுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், 'இது எப்படி?' என்று மனசு குடைந்தால் இயந்திரவியல் உங்களுக்குத்தான்.

கூடுதல் கணிதமும் இயற்பியலும் கைவசம் வேண்டும். மதிப்பெண் கொஞ்சம் குறைவா? சரி, டிப்ளோமா வழியாகவும் பட்டத்துக்குப் போகலாம், ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969லிருந்து இருக்கிறது.

அப்புறம், ரொம்ப முக்கியம்: நீங்கள் சேரப்போகும் பட்டத்துக்கு இஏசி (பொறியியல் பட்டங்களைச் சரிபார்க்கும் மலேசிய மன்றம்) அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2009ல் மலேசியா முழு உறுப்பினரானதால், அந்த அங்கீகாரம் உள்ள பட்டத்துக்கு ஆஸ்திரேலியாவிலும் மதிப்பு உண்டு. பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.