சுயேச்சையாக நிற்கப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டு

தொண்டிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருபது வருடத்துக்கு மேல் கருவாட்டுக் கணக்கு எழுதியவள் நான். 2021 சட்டமன்றத் தேர்தலில் திருவாடானைத் தொகுதியில் சுயேச்சையாக நின்று டெபாசிட்டைப் பறிகொடுத்தேன். இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வந்து, "அத்தை, ஊழலை எதிர்த்து நிற்க வேண்டும், என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். ஊழலை எல்லாக் கட்சியும்தான் மேடையில் எதிர்க்கிறது. உங்கள் ஊரில் ஒரு குழாய், ஒரு ரோடு, ஒரு நிவாரணப் பட்டியல் என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்றைப் பிடியுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். தேர்தலுக்கு ஒரு வருடம் முன்னாலேயே பிடிக்க வேண்டும்.

எனக்கு வாய்த்தது கருவாடு காயவைக்கும் சிமெண்ட் தளம். இரண்டாவது மழைக்கே வெடித்து, அடியில் மணல் தெரிந்தது. நெத்திலியில் மணல் ஒட்டினால் வியாபாரி கையில் எடுத்து ஊதிப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு, பெயர் இங்கே வேண்டாம், பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். "தளம் ஏன் தரமாக இல்லை?" என்று கேட்டிருந்தேன். அசட்டுத்தனம். 2005-ல் வந்த அந்தச் சட்டம் அலுவலகத்தில் இருக்கிற காகிதத்தைத்தான் தரும், யாரையும் விளக்கம் சொல்ல வைக்காது. அடுத்த மனுவில் மதிப்பீடு, முடிந்த வேலையை அளந்து பதிகிற அளவுப் புத்தகம், பில் மூன்றுக்கும் நகல் கேட்டேன். 30 நாள் கெடு தாண்டி, மேல்முறையீடு போட்ட பிறகு வந்து சேர்ந்தது. அளவுப் புத்தகத்தில் தளத்தின் கனம் நான்கு அங்குலம். வெடித்த ஓரத்தில் பேத்தியின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

பிரச்சாரத்துக்கு நான் எடுத்துப் போனது அந்த நகலையும் ஸ்கேலையும்தான். வேலையை நேரில் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும்கூட அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. எனக்குத் தாமதமாகத் தெரிந்தது, நீங்கள் முதல் மனுவிலேயே கேளுங்கள். கிடைத்த காகிதத்தைக் கிராம சபையில் படித்துப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் வாய்க்குப் பூட்டு வேண்டும். காகிதம் சொல்வதற்கு மேல் ஒரு சொல்லும் பேசாதீர்கள். எதிர் வேட்பாளரின் சொந்த ஒழுக்கத்தைப் பற்றித் தெரிந்தே பொய் சொல்வது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவில் முறைகேடு.

இனி வேட்புமனுத் தாக்கல். 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காவிட்டால் அது போய்விடும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம். இரண்டாவது கொடுத்து, அதில் வேறு பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு, முன்மொழிந்தவர் கையெழுத்தில் கிளம்பிய சிக்கலில்தான் தள்ளுபடியானது. கடல் வேலைக்குப் போகிறவரிடம் கையெழுத்து வாங்கினால், பரிசீலனை நாளில் அவர் கரையில் இருப்பாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மனுவைக் கொடுத்த பின், பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் உறுதிமொழி எடுத்தாக வேண்டும். இதை மறந்து வீடு திரும்பியவர்கள் உண்டு.

பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26, நம்மைப் போன்றவர்களுக்கு வெறும் படிவம் இல்லை. வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். வாழ்க்கைத் துணையின் சொத்தும் வரும். ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள். என் தாலிச் சங்கிலி அப்போது அடகில் இருந்தது. அதை எழுத வீட்டுக்காரர் கூச்சப்பட்டார். நகையைச் சொத்தில் எழுதினேன், அதன் மேல் வாங்கிய பணத்தைக் கடனில் எழுதினேன். பிறகு அந்தப் பத்திரத்தை நகலெடுத்து டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். கூட்டம் கூட்டமாக வந்து படித்தார்கள். எங்கள் ஊரில் எந்த நோட்டீசையும் அவ்வளவு கவனமாக யாரும் படித்து நான் பார்த்ததில்லை.

சுயேச்சைகள் பெயர் வாக்கு இயந்திரத்தில் கட்சிக்காரர்களுக்குக் கீழேதான் வரும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இதே இராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். ஆகவே பெயரை விடச் சின்னத்தைப் பழக்குங்கள். நோட்டீசில் முகமும் தெளிவாக இருக்கட்டும், இயந்திரத்தில் படம் இருக்கிறது.

நோட்டுக்கு வருகிறேன். மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்குத் தொடங்க வேண்டும். தேர்தல் அலுவலகம் ஒரு பதிவேடு தரும்: அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். பிரச்சாரத்துக்குள் மூன்று முறை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். உச்சவரம்பு நான் நின்றபோது 30 லட்சத்து 80 ஆயிரம், 2022 முதல் 40 லட்சம். நமக்கு அந்த உயரம் எட்டாது. எனவே டீக்காசு வரை எழுதுங்கள். ஆட்டோவுக்கு மைக் கட்டிக் கொடுத்த தம்பி பணம் வேண்டாம் என்றான். அதையும் மதிப்புப் போட்டு எழுத வேண்டும் என்று அதிகாரி சொன்ன பிறகுதான் எழுதினேன். நான் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டிலும் அதே கணக்கை எழுதி, சாயங்காலம் ஏலக் கொட்டகையில் வாசித்தேன். "மதினி, நேற்று வடை காசு விட்டுப்போச்சு" என்று ஒருத்தி எழுந்து சொன்னாள். அன்றைக்குத்தான் இது வேலை செய்கிறது என்று தெரிந்தது.

வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு பணம் வந்தது. யாரிடமிருந்து என்று எழுதப் போவதில்லை. தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் என்ற கைபேசிச் செயலியில் புகார் செய்யலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது விதி. ஆனால் படத்தை அந்த இடத்திலேயே செயலிக்குள் எடுக்க வேண்டும், பழைய படம் ஏறாது. வாங்கியவர்களைத் திட்டாதீர்கள். பக்கத்து வீட்டு ஆச்சி ரூபாய் நோட்டை முந்தானையில் முடிந்துகொண்டே என்னைப் பார்த்து, "மருந்துக்கு ஆகும்" என்றாள். நான் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும், தவறினால் மூன்று ஆண்டு போட்டியிட முடியாது. பில்களை நாள்வாரியாக அடுக்கி, எண் போட்டு, நகல் ஒன்று வைத்துக்கொண்டு போங்கள். ஒப்புகைச் சீட்டு கைக்கு வரும்வரை அங்கிருந்து எழுந்திருக்க வேண்டாம்.