டெல்லி, ஆக்ரா கிளம்பும் முன் கிழமையைப் பாருங்கள்

டெல்லிக்குக் கிளம்பும் நாளைக் குறிக்க உட்கார்ந்தபோது என் மாமியார் முதலில் பார்த்தது சூலத்தை. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், டெல்லி வடக்கே இருக்கிறது, அதனால் அந்த இரண்டு நாளும் வேண்டாம் என்றார். நாங்கள் சிரித்தோம். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர் சொன்னது வேறொரு வகையில் சரியாக இருந்தது. சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி, மறுநாள் முழுக்க ஓடி, அதற்கு அடுத்த நாள் விடியுமுன் ஆக்ராவைத் தொடுகிறது. புதன் இரவு ஏறினால் வெள்ளிக்கிழமை காலை ஆக்ரா. வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை!

ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்க்கிற வீட்டில்கூட இந்த விடுமுறையை யாரும் பார்ப்பதில்லை. டெல்லி, ஆக்ரா பயணங்கள் பெரும்பாலும் அங்கே போய்க் கெடுவதில்லை. வீட்டில் டிக்கெட் போடும்போதே கெட்டுவிடுகின்றன.

திங்கட்கிழமை டெல்லி

முதல் முறை நாங்கள் ஏழு பேர் போனோம். எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார். திங்கள் காலை செங்கோட்டை, மதியம் தாமரைக் கோயில், மாலை அக்‌ஷர்தாம். அழகான கையெழுத்து. காலை ஒன்பது மணிக்குச் செங்கோட்டையின் லாகூர் வாசல் முன் ஆட்டோவிலிருந்து இறங்கினோம். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு காவலர் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொய்யாப்பழத்தை நறுக்கி உப்பு தூவிக்கொண்டிருந்த வண்டிக்காரர் எங்களைப் பார்த்ததுமே, நாங்கள் எதுவும் கேட்காமலேயே, "சோம்வார் பந்த்" என்றார். ஒரு நாளில் எத்தனை குடும்பத்துக்கு அதைச் சொல்வாரோ.

செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. சரி, தாமரைக் கோயிலுக்குப் போகலாம் என்றால் அதற்கும் திங்கள் விடுமுறை. அக்‌ஷர்தாமும் அப்படியே. தேசிய அருங்காட்சியகமும் அப்படியே. டெல்லியில் திங்களன்று கையில் இருப்பவை குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட், ஜந்தர் மந்தர் போன்றவை. நான்கும் அருமையான இடங்கள்தான். அன்றைக்கு அவற்றுக்குத் திட்டம் போட்டிருந்தால் யாருக்கும் முகம் வாடியிருக்காது.

கடைத்தெருவுக்கும் கிழமை உண்டு. சாந்தினி சௌக்கில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைப்பு. கரோல் பாக், சரோஜினி நகர் இரண்டும் திங்களன்று. ஆகவே ஞாயிறு, திங்கள், வெள்ளி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எந்த இடம் எந்த நாளில் கிடையாது என்று குறித்துக்கொண்டு, அதற்கப்புறம் ரயிலையோ விமானத்தையோ தேடுங்கள். இதில் ஆக்ரா கோட்டை எல்லா நாளும் திறந்திருக்கும். ஆனால் அதை மட்டும் பார்க்க யாரும் ஆக்ராவில் இறங்குவதில்லை.

இன்னொன்று, சுதந்திர தினத்துக்குப் பல நாள் முன்பிருந்தே செங்கோட்டையை மூடிவிடுகிறார்கள். ஜனவரி 26க்கு முந்தைய நாட்களில் அணிவகுப்பு ஒத்திகைக்காகக் கர்த்தவ்ய பாதையைச் சுற்றிப் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். குடியரசு தினத்தை ஒட்டிப் போனால் ஊரே களைகட்டியிருக்கும் என்று நினைப்பவர்கள் தடுப்புக் கம்பிகளைத்தான் நிறையப் பார்ப்பார்கள்.

நம் லீவும் அவர்கள் வானிலையும்

நம் பள்ளிகளில் கோடை விடுமுறை மே மாதம், அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசி. டெல்லிக்குப் போகக் கூடாத இரண்டு பருவம் எவை என்று கேட்டால் நான் இந்த இரண்டையும்தான் சொல்வேன். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். சென்னை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன என்று சொல்லிவிட்டுப் போவோம். அங்கே வியர்வைகூட வராது, அடிக்கிற காற்றே அடுப்பிலிருந்து வருவதுபோல் இருக்கும். ஜும்மா மசூதி முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும்போதுதான் கால் உறையின் அருமை புரியும். எந்தப் பருவத்தில் போனாலும் ஆளுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் பையில் இருக்கட்டும்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி. இது வால்பாறையில் பார்க்கிற ரம்மியமான பனி இல்லை. ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், விமானங்கள் தாமதமாகும், சில ரத்தாகும். இந்த மாதங்களில் விடிகாலை விமானம் மலிவாக இருக்கிறது என்று போடுவது பெரிய தவறு. பனி அடர்த்தியாக இருப்பது நள்ளிரவு தாண்டி முற்பகல் வரைக்கும்தான். மதியம் இறங்குவது, மதியம் கிளம்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியிலிருந்து சென்னை வந்து அதே இரவு ஊர் பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம் போடாதீர்கள். யமுனா விரைவுச்சாலையில் விடிகாலை கார் பயணமும் பனிக்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது தடவை நாங்கள் டிசம்பர் 27 அன்று ஆக்ராவில் இருந்தோம். விடிகாலைத் தாஜ்மகால் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று ஐந்தரை மணிக்கே பிள்ளைகளை எழுப்பி, குல்லா மாட்டி இழுத்துக்கொண்டு போனோம். பெரிய வாயிலைத் தாண்டி நின்றால் எதிரே வெள்ளையாக ஒன்றுமில்லை. நீர்க்கால்வாயின் முதல் பத்தடி தெரிந்தது. அதற்கப்பால் பால் கரைத்த மாதிரி இருந்தது. சின்னவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "தாஜ்மகால் எங்கப்பா?" என்றான். ஒன்பதரைக்கு மேல்தான் கும்மட்டத்தின் உச்சி மட்டும் எட்டிப் பார்த்தது. விடிகாலைத் தரிசனம் பிப்ரவரி, மார்ச், அக்டோபருக்குச் சரி. பனிக்காலத்தில் பதினோரு மணிக்குப் போங்கள்.

பிப்ரவரியும் மார்ச்சும்தான் டெல்லிக்கு உத்தமம். ஆனால் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. மிச்சமிருப்பது காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். பகலில் கொஞ்சம் வெயில் இருக்கும், மாலை நன்றாக இருக்கும். தீபாவளிக்கப்புறம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முழுக்கக் காற்றில் புகை. மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களுக்கு ஆகாது.

டிக்கெட் போடும்போது

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் 60. டிசம்பர் 24 அன்று கிளம்ப வேண்டுமானால் அக்டோபர் 25 காலை எட்டு மணிக்கு ஐஆர்சிடிசியில் தயாராக உட்கார வேண்டும். இன்னும் பலர் நான்கு மாதம் என்ற பழைய கணக்கில் இருக்கிறார்கள். தட்கலை நம்பிக் குடும்பத்தோடு கிளம்புவது சூதாட்டம். 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கில்தான் இணையத்தில் தட்கல் போட முடியும் என்பதால் கடைசி நேரத்தில் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கேட்டுப் போடுவதும் எளிதில்லை.

இதைவிடச் சுலபமாகத் தவிர்க்கக்கூடிய தவறு ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலிருந்து டெல்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், திருக்குறள் எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்கள் ஆக்ரா கண்டோன்மென்ட் வழியாகத்தான் போகின்றன. நாம் என்ன செய்கிறோம்? ஆக்ராவில் ரயில் நிற்கும்போது தூங்கிக்கொண்டிருக்கிறோம். டெல்லியில் இறங்கி, மூன்றாம் நாள் 230 கிலோமீட்டர் கார் பிடித்து ஆக்ரா வந்து, தாஜ்மகாலை ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு, அதே 230 கிலோமீட்டரை இரவில் திரும்புகிறோம். அதற்குப் பதிலாக ஆக்ரா வரைக்கும் டிக்கெட் போடுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்தால் விடியுமுன் இறங்குவதால், ஓட்டலில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மதியம் பன்னிரண்டுக்கு முன் அறை தர முடியாது என்றால் பெட்டிகளை நிலையத்தின் கிளாக் ரூமில் போட்டுவிட்டுப் போகலாம். பூட்டுப் போடாத பையை அங்கே வாங்க மாட்டார்கள். சின்னப் பூட்டு இரண்டு கொண்டுபோங்கள். பகல் முழுக்க ஆக்ரா, இரவு தங்கல், மறுநாள் டெல்லி. இப்படிப் போனால் பெரியவர்கள் முனகுவதில்லை.

விமானத்தில் போகிறவர்கள் நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸில் போகலாம், நூறு நிமிடத்தில் ஆக்ரா. தாஜ்மகால் மூடியிருக்கும் வெள்ளிக்கிழமை அதுவும் ஓடாது. ரயில்வேகூடக் கிழமை பார்க்கிறது.

டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேஷன் இருப்பதாக நினைத்து ஏமாறுகிறவர்களும் உண்டு. புது டெல்லி, பழைய டெல்லி, ஹஜரத் நிஜாமுதீன், ஆனந்த் விஹார் எல்லாம் வேறு வேறு மூலையில் இருக்கின்றன. தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்குப் புது டெல்லி, திருக்குறளுக்கு நிஜாமுதீன். திரும்பும்போது குழம்பி வண்டியை விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். புது டெல்லி நிலையத்துக்குள்ளேயும் இரண்டு முகம். ஒன்றாவது பிளாட்பாரம் இருக்கும் பஹார்கஞ்ச் பக்கம் மலிவான விடுதிகள், பதினாறாவது பிளாட்பாரம் இருக்கும் அஜ்மேரி கேட் பக்கம் மெட்ரோ. பஹார்கஞ்ச் வாசலில் உங்கள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து "இந்த ரயில் ரத்து, வாங்க வேறு ஏற்பாடு செய்கிறேன்" என்று சொல்பவர் ரயில்வே ஆள் இல்லை. நேராக உள்ளே போய் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். விமான நிலையமும் அப்படித்தான். முதல் டெர்மினலுக்கும் மூன்றாம் டெர்மினலுக்கும் நடந்தெல்லாம் போக முடியாது. டிக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணை டிரைவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

தாஜ்மகாலுக்குள்

இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் போக அதோடு 200 ரூபாய். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். 50 ரூபாய் டிக்கெட்டோடு நுழைந்துவிட்டு, மேடைக்கு ஏறும் இடத்தில் வந்து முழிப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். உள்ளே மூன்று மணி நேரம் இருக்கலாம். தின்பண்டம், ட்ரைபாட், பெரிய பை எதற்கும் அனுமதி இல்லை. முறுக்கு டப்பாவை ஓட்டலில் வைத்துவிடுங்கள். கார் வாசல் வரை போகாது. பார்க்கிங்கில் இறங்கி பேட்டரி வண்டியில் போக வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு அந்த வண்டியே போதும், கூடவே வரும் "குறுக்கு வழி" ஆசாமி தேவையில்லை. மாலையில் யமுனையின் அக்கரையில் இருக்கும் மேத்தாப் பாக் தோட்டத்துக்குப் போய் உட்காருங்கள். தாஜ்மகாலை அலுக்காமல் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அக்‌ஷர்தாமில் கட்டுப்பாடு இன்னும் அதிகம். செல்போனே கூடாது. அத்தனையும் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வரிசைக்கே நேரம் ஒதுக்குங்கள், கூட்டம் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதையும் முன்பே பேசிவையுங்கள்.

டேட், டாய்

இந்தி தெரியாமல் டெல்லியில் சமாளித்துவிடலாம். எண்கள்தான் கவிழ்க்கும். ஏக், தோ, தீன் வரைக்கும் படித்துக்கொண்டு போவோம். ஆட்டோக்காரர் "டாய் சௌ" என்பார். அது நம் காதில் "தோ சௌ" என்று விழும். இறங்கும்போது 200 நீட்டினால் சண்டை. டாய் சௌ என்றால் இரண்டரை நூறு, அதாவது 250. டேட் சௌ என்றால் ஒன்றரை நூறு, 150. இந்த இரண்டு சொல் தெரிந்தாலே பாதி வாக்குவாதம் மிச்சம். சந்தேகமாக இருந்தால் போனில் எண்ணை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரே நாளில் குதுப் மினாரும் அக்‌ஷர்தாமும் வேண்டாம். ஒன்று ஊரின் தென்மேற்கு ஓரம், மற்றது யமுனைக்கு அந்தப் பக்கம். செங்கோட்டை, ஜும்மா மசூதி, சாந்தினி சௌக் ஒரு நாள். இந்தியா கேட், போர் நினைவகம், கன்னாட் பிளேஸ் ஒரு நாள். குதுப் மினார் பக்கம் போகும் நாளில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்கும் போய்வரலாம். சுவாமிநாதனைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால் சுற்றிலும் தமிழ் கேட்கும். நாலு நாள் ரொட்டி தின்ற வயிற்றுக்கு இட்லி தேட அதுதான் பொருத்தமான நாள். ஜெய்ப்பூரையும் சேர்த்து ஐந்து நாளில் முடிக்கலாம் என்பார்கள். அந்த முக்கோணம் 700 கிலோமீட்டருக்கு மேல், பாதி நேரம் வண்டியில்தான் போகும். மதுரா, பிருந்தாவனம் வழியில் இருக்கின்றன. ஆனால் பாங்கே பிஹாரி கோயில் நம் ஊர்க் கோயில்கள்போல மதியம் நடை சாத்திவிடும்.

திரும்பும்போது பேட்டா வாங்குவீர்கள். ஆக்ராவின் அந்த இனிப்பு நம் கல்யாணப் பூசணிக்காயில் செய்ததுதான். உலர்ந்த வகையை வாங்குங்கள். பாகில் ஊறிய வகையை நான் ஒருமுறை பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, இருந்தும் ரயிலிலேயே கசிந்து மாமியாரின் பட்டுப்புடவையில் இறங்கிவிட்டது.