அலாஸ்கா கப்பல் பயணமா? பனியாற்றுக்குக் காசு கட்டும் முன்

முதலில் உங்கள் கப்பலின் பயணத் திட்டத்தைப் பாருங்கள். கிளேசியர் பே (பனியாறுகள் சூழ்ந்த விரிகுடா, தேசியப் பூங்கா) அல்லது ஹப்பார்ட் பனியாறு அதில் இருந்தால், கப்பல் மேல்தளத்தில் நின்றபடியே பனிச்சுவர் இடிந்து கடலில் விழுவதைப் பார்க்க வாய்ப்புண்டு. கிளேசியர் பேயில் தேசியப் பூங்கா ரேஞ்சர்களே கப்பலேறி வந்து விளக்கம் சொல்வார்கள். அப்புறம் எதற்குப் பனியாறு பார்க்க இன்னொரு படகுச் சுற்றுலாவுக்குத் தனியாகப் பணம்?

அந்தப் பணத்தை அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் ஹெலிகாப்டருக்கு வைத்துக்கொள்ளலாம். பனியாற்றின் மேலேயே இறக்கிவிடுவார்கள்; ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்ள வழுக்காத பூட்ஸும் தருவார்கள். விரிசல்களுக்குள் தெரியும் அந்த நீலம் படத்தில் சரியாக வருவதே இல்லை. விலை அதிகம்தான். மேகம் இறங்கினால் பறக்கவும் மாட்டார்கள், ஜூனோவிலோ மழைக்குப் பஞ்சமில்லை. ரத்தானால் பணம் முழுதாகத் திரும்புமா, உடல் எடைக்குக் கூடுதல் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பட்ஜெட் இடிக்கிறதா? ஜூனோவிலேயே உள்ள மெண்டன்ஹால் பனியாறு போதும். ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ., பஸ்ஸிலேயே போகலாம். ஆனால் பனியாறு ஏரிக்கு அக்கரையில்தான் தெரியும், தொட முடியாது. அங்கே நக்கெட் அருவி வரை நடந்து போய்த் திரும்ப 3 கி.மீ.; சமதளப் பாதை, வயதானவர்களும் மெதுவாக நடந்துவிடலாம். மழைக்கோட்டு அவசியம்.