காணாமல் போன புழுவை எல்லாம் மைனா கணக்கில் எழுதாதீர்கள்

மைதாவை எண்ணெய் விட்டுப் பிசைந்து, பச்சையும் பழுப்புமாகப் புழு உருட்டி, மரத்தில் ஒட்டிவிட்டு, எந்த நிறத்தைப் பறவை அதிகம் கொத்தியது என்று மறுநாள் போய் எண்ணுவது. இயற்கைத் தேர்வை, அதாவது சூழலுக்குப் பொருந்தியது பிழைத்து அந்தக் குணம் அடுத்த தலைமுறையில் பெருகுவதை, சோதிக்க இதைவிட மலிவான வழி கிடையாது, தப்புப் பண்ணவும் இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித்தோப்பில் நான் 40 புழு வைத்தேன். மறுநாள் பாதியைக் காணோம், மைனா வேலைதான் என்று நோட்டில் எழுதியும் விட்டேன். அப்புறம் ஒருநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால், முசுறு எறும்பு வரிசைகட்டி மாவை இழுத்துக்கொண்டு போகிறது! அதனால் மாவை விட்டுவிட்டு, பிள்ளைகள் பொம்மை செய்யும் காயாத களிமண்ணை வாங்குங்கள், அதில் தடம் பதியும். பறவை அலகு ஆப்பு மாதிரி வெட்டும், எலியும் அணிலும் கடித்தால் இரட்டைப் பல் வரி விழும், எறும்பு பொடிப்பொடியாகக் குத்திவைக்கும். தடம் இல்லாமல் காணாமல் போனதைத் தனியாக எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம்.

அடுத்த தப்பு, ஒரே பின்னணியில் வைப்பது. பச்சை இலைமேல் பழுப்புப் புழு அதிகம் கொத்துப்பட்டால், பறவைக்குப் பழுப்பு பிடிக்கும் என்றும் சொல்லலாமே? அதே புழுக்களை மரத்தடிச் சருகிலும் வையுங்கள், கணக்கு தலைகீழாக வேண்டும். கெட்டில்வெல் என்ற பூச்சி ஆய்வாளர் இங்கிலாந்தில் செய்தது இதைத்தான்: 1953-இல் புகை படிந்த பர்மிங்காம் பகுதிக் காட்டில் அவர் விட்ட கறுப்பு அந்துப்பூச்சிகளில் 27.5 சதவீதம் பறவைக்குத் தப்பித் திரும்பப் பிடிபட்டன, வெளிர்நிறத்தில் சுமார் 13. 1955-இல் டார்செட்டின் சுத்தமான காட்டில் கறுப்பு சுமார் 6, வெளிர் 12.5.

அவரும் சறுக்கினார். ஒரே இடத்தில் நிறையப் பூச்சிகள், அதுவும் பட்டப்பகலில் அடிமரத்தில். பந்தி போட்டால் எந்தக் குருவிதான் வராது? பின்னால் மஜெரஸ் என்ற ஆய்வாளர், புகை குறைந்துவிட்ட கேம்பிரிட்ஜில் 2001 முதல் ஆறு ஆண்டுகள், 4,864 பூச்சிகளை இயல்பான நெருக்கத்தில் விட்டுப் பார்த்தார், அப்போதும் கறுப்புதான் அதிகம் இரையானது. நீங்களும் மரத்துக்கு ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். இன்னொன்று, பறவைகளுக்குப் புற ஊதாவும் தெரியும், நம் கண்ணுக்கு ஒளிந்திருப்பது அதற்கும் ஒளிந்திருக்கும் என்று இல்லை.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்தாகிவிட்டது. உடனே சார்ட்டில் ‘இயற்கைத் தேர்வு நிரூபணம்’ என்று பெரிதாக எழுதாதீர்கள். களிமண் புழு முட்டையிடாது. பறவை நிறம் பார்த்துக் கொத்துகிறது, அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். அந்துப்பூச்சியில் நிறம் மரபணு வழியே குஞ்சுக்குப் போகிறது, புகை குறையக் குறையக் கறுப்பும் தலைமுறை தலைமுறையாகக் குறைந்தது. அந்தப் பாதி உங்கள் தோப்பில் நடக்கவில்லை.