புளூஸ் சோலோ கார்டோடு நகர ஒரு ஃபிரெட் போதும்

கிட்டாரில் ஏ சுரத்தை அடிப்படையாகக் கொண்ட புளூஸ் வாசிக்கும்போது, 3-ஆம் கம்பியின் 6-ஆம் ஃபிரெட்டையும் (ஃபிரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்குக் கம்பிகளால் பிரிந்த கட்டம்) 2-ஆம் கம்பியின் 8-ஆம் ஃபிரெட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏ7 கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) ஒலிக்கும்போது சோலோ (தனி வாசிப்பு) வரியை இவற்றில் ஒன்றில் முடியுங்கள். டி7 வந்தால் இரண்டும் ஒரு ஃபிரெட் கீழே (5, 7), இ7 வந்தால் ஒரு ஃபிரெட் மேலே (7, 9). நடுவே வழக்கமான ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து சுர வரிசையையே வாசிக்கலாம்.

கார்டின் நிறத்தைத் தீர்மானிப்பவை அதன் மூன்றாம், ஏழாம் சுரங்கள். ஏ7-க்கு சி ஷார்ப், ஜி. டி7-க்கு சி, எஃப் ஷார்ப். இ7-க்கு டி, ஜி ஷார்ப். டி7, இ7 சுரங்கள் எல்லாம் ஏ7-இன் சுரங்களிலிருந்து அரைச்சுரத் தூரத்தில் (ஒரு ஃபிரெட்) இருப்பதால், பின்னணி இசை இல்லாமலே கார்டு மாறியது காதில் விழும். முக்கியம், நேரம்: 12 பார் (தாளச் சுற்று) கொண்ட வழக்கமான புளூஸ் வடிவத்தில், டி7 வரும் 5-ஆம் பாரின் முதல் அடியிலேயே புதிய சுரம் விழவேண்டும். அங்கே பழைய சி ஷார்ப்பைப் பிடித்து நீட்டினால் டி7-இன் சியோடு உரசும். இரண்டாம் பாரிலேயே டி7 வரும் பாடல்களில் அங்கும் நகருங்கள்.

மைனர் புளூஸுக்கு இது உதவாது. ஏ மைனர் 7-இல் மூன்றாம் சுரம் சி, டி மைனர் 7-இல் எஃப். ஆகவே இந்த ஒரு ஃபிரெட் கணக்கு அங்கே பொருந்தாது. ஒரே கார்டில் ஓடும் புளூஸிலும் தேவையில்லை.