தொழிற்சங்கம் அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சங்கம் தொடங்கச் சட்டம் இடம் தருகிறதா என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதில் பெரிய சிக்கல் இல்லை. முன் அனுமதி பெறாமலே சங்கம் அமைக்கலாம் என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 87-ஆவது உடன்படிக்கை (1948). சங்கத்தில் சேர்ந்ததற்காக எவரையும் பழிவாங்கக் கூடாது என்கிறது 98-ஆவது உடன்படிக்கை (1949). இவற்றை நீட்டினாலே நிர்வாகம் பணிந்துவிடும் என்று நம்புவது தவறு. இந்தியாவும் அமெரிக்காவும் இந்த இரண்டையும் ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது தம்மைக் கட்டுப்படுத்துவதாக முறைப்படி ஏற்கவில்லை. தகராறு வந்தால் கைகொடுப்பது உள்நாட்டுச் சட்டமே. அந்தச் சட்டம் யாரைத் தொழிலாளி என்று கணக்கில் கொள்கிறது என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்கச் சட்டத்தில் மேற்பார்வையாளர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பதவிப் பெயர் மட்டும் பெரிதாக இருந்து, ஆள் எடுக்கவோ நீக்கவோ எந்த அதிகாரமும் இல்லாதவர் உண்மையில் மேற்பார்வையாளரா என்பது தனி வழக்காகவே போகும்.

சங்கம் இருப்பது வேறு, பேச்சுவார்த்தையில் உட்காரும் உரிமை வேறு. பதிவுச் சான்றிதழ் வந்த அன்றே கோரிக்கைப் பட்டியலை அனுப்பிவிட்டு, நிர்வாகம் பதில் தராததைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. பெரும்பான்மையை நிரூபித்து அங்கீகாரம் பெறாதவரை அந்தப் பட்டியலுக்குப் பல நாடுகளில் சட்ட பலம் குறைவு. அமெரிக்காவில் 30 சதவீத ஊழியர்களின் கையெழுத்து இருந்தால் சங்கம் தங்கள் சார்பில் பேச வேண்டுமா என்று ஊழியர்கள் வாக்களிக்கும் தேர்தலைக் கோரலாம். வெல்வதற்குப் பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். முப்பதைத் தொட்டவுடன் மனுப் போடுவது, என் பார்வையில், தோல்விக்கு நாள் குறிப்பதுதான். நிர்வாகம் எதிர்ப்பிரசாரத்தைத் தொடங்கியதும் கையெழுத்திட்டவர்களிலேயே சிலர் பின்வாங்குவார்கள். பாதியைத் தாராளமாகத் தாண்டிய பிறகு போவதே நல்லது.

ரகசியமும் ஓரளவுக்குத்தான் உதவும். சங்க வேலைக்காகத்தான் நீக்கினார்கள் என்று நிரூபிக்க, அந்த வேலை நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது என்றும் பொதுவாகக் காட்டியாக வேண்டும். யாருக்குமே தெரியாமல் இயங்கியவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். நிர்வாகத்துக்குக் கொடுத்த, தேதியிட்ட ஒரு கடிதம் பெரிய துணை. அதில் பலர் கையெழுத்திட்டிருந்தால் இன்னும் நல்லது. சங்கமே இல்லாவிட்டாலும் இருவர் சேர்ந்து வேலை நிலைமை பற்றிக் கேட்பது அமெரிக்கச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட செயல். ஒருவர் தன் சொந்தக் குறைக்காகத் தனியாக முறையிடுவது பெரும்பாலும் அப்படி அல்ல. பழிவாங்கல் புகாருக்கு அங்கே 6 மாதம்தான் கெடு. உள்ளே பேசிச் சரிசெய்துகொள்ளலாம் என்று காத்திருந்தே அதைத் தவறவிடுகிறார்கள்.

நிர்வாகமே செலவு செய்து, ஆள் பார்த்து நியமிக்கும் 'ஊழியர் குழு'வைச் சங்கத்துக்கு மாற்றாக ஏற்காதீர்கள். நிர்வாகத்தின் ஆதிக்கத்தில் உள்ள அமைப்பை உருவாக்குவதைத் தலையீடு என்றே 98-ஆவது உடன்படிக்கை வகைப்படுத்துகிறது. முன்னறிவிப்பு தராமல் வேலைநிறுத்தத்தில் இறங்குவதும் அதுபோன்ற ஆபத்துதான். கோரிக்கை எவ்வளவு நியாயமானாலும் போராட்டமே சட்டவிரோதமாகிவிடக்கூடும்.

மேசைக்கு வந்த பிறகும் ஒன்றை மறக்கக் கூடாது: நல்லெண்ணத்துடன் பேசும் கடமை நிர்வாகத்துக்கு இருந்தாலும், கேட்டதற்கெல்லாம் இசையும் கடமை இல்லை. கடைசியில் ஊதிய உயர்வை மட்டும் பார்த்துக் கையெழுத்திட வேண்டாம். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, அதுவரை வேலைநிறுத்த உரிமையை விட்டுக்கொடுக்கிறோமா, காலாவதியான பின் பழைய சலுகைகள் நீடிக்குமா என்ற மூன்றையும் உறுப்பினர்கள் முன் படித்துக் காட்டி வாக்கெடுங்கள்.